மூடிய இம்பெல்லர் தேய்ந்துபோச்சு, டிராயிங் கிடையாது: ஸ்கேன் எடுத்து அப்படியே வார்க்கலாமா?

பம்ப்ஹவுஸ்:
வணக்கம். பழைய சென்ட்ரிஃபியூகல் பம்ப், 1450 ஆர்.பி.எம். மூடிய இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம், இரு பக்கமும் தட்டு மூடியது), வெளிவிட்டம் 265 மி.மீ., 6 வேன் (வளைந்த இதழ்), எடை 8 கிலோ, சிஎஃப்8எம் (ஒரு ஸ்டெயின்லெஸ் வார்ப்பு ரகம்) என்று நினைக்கிறேன். வேன் முனைகள் அரித்துவிட்டன, வியர் ரிங் (கேசிங்குக்கும் இம்பெல்லருக்கும் நடுவில் தேய்மானத்தைத் தாங்கும் வளையம்) இடமும் தேய்ந்திருக்கிறது. மாடல் இப்போது தயாரிப்பில் இல்லை. 3டி ஸ்கேனில் வரும் எஸ்டிஎல் ஃபைலையே (பரப்பைச் சிறு முக்கோணங்களாகக் காட்டும் மெஷ்) ஃபவுண்டரிக்குக் கொடுத்துவிடலாமா?

ஸ்கேன்மேசை:
கொடுக்காதீங்க சார். அரிப்பும் சேர்ந்தே வார்ப்பில் வந்துவிடும். மெஷ்ஷின் மேல் புதிதாக மாடல் வரையணும்.

வேன் நடுப்பகுதிக்கு ஸ்கேனர் ஒளி போகாது. மென்மையான சிலிகான் ரப்பரை ஒரு வழியில் ஊற்றி, இறுகியதும் உருவி, அந்த அச்சை ஸ்கேன் செய்யுங்க. ஷ்ரௌடின் (வேன்களை மூடும் தட்டின்) உள்வளைவும் அதிலேயே கிடைக்கும். பளபளக்கும் இடத்துக்கு டெவலப்பர் ஸ்பிரே (பளபளப்பை மறைக்கும் வெள்ளைப் பொடி), மெல்லிசாக.

சுழலும் மையக்கோட்டை வெளி உடம்பை வைத்து எடுக்காதீங்க. தேய்மானம் ஒரு பக்கம் அதிகம் இருந்தால் மையம் நகர்ந்துவிடும். போரும் (ஷாஃப்ட் நுழையும் துளை) ஹப் (நடுக்குடம்) முகமும்தான் டேட்டம், அதாவது அளவெடுக்கும் ஆதாரம். பிறகு மெஷ்ஷை 60° வீதம் திருப்பி, தெரிகிற வரைக்கும் ஆறு வேன்களையும் ஒன்றன்மேல் ஒன்று வையுங்க. எந்த இடத்தில் எது குறைவாகத் தேய்ந்ததோ, அதுதான் ஒரிஜினலுக்குக் கிட்ட. ஒரு வேனை மட்டும் சரியாக வரைந்து ஆறாகச் சுழற்றினால் போதும்.

லேத்கட்டை:
போர், சாவிக்காடி (ஷாஃப்டோடு பூட்டும் சாவிக்கான பள்ளம்), வியர் ரிங் அளவை ஸ்கேனில் எடுக்கவே கூடாது. ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் அளங்க. 35 மி.மீ. ஷாஃப்ட் என்றால் போர் எச்7 என்ற அளவு வரம்பு, அதாவது 35.000 முதல் 35.025, சாவி 10×8, ஹப்பில் ஆழம் 3.3. வியர் ரிங் பக்கம் பழைய இம்பெல்லரை நம்பாம, கேசிங்கில் புது ரிங் போட்டு அதிலிருந்து இடைவெளி விடுங்க. ஸ்டெயின்லெஸ்ஸும் ஸ்டெயின்லெஸ்ஸும் உரசினால் பிடித்துக்கொள்ளும், இடைவெளியை ரொம்பக் குறைக்கக் கூடாது.

265ம் ஒரிஜினல்தானா என்று பாருங்க. முன்பே கடைந்து குறைத்திருக்கலாம். ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்) ஏறக்குறைய விட்டத்தின் வர்க்கத்தில் மாறும், நேம்பிளேட்டோடு ஒத்துப் பாருங்க.

உலைக்களம்:
ஸ்டெயின்லெஸ்ஸுக்குச் சுருக்கம் 2 சதவீதத்துக்கு மேல். ஆனால் உள்ளே இருக்கும் கோர் (உள்வெற்றிடத்தை உருவாக்கும் மணல் கட்டி) தடுப்பதால் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்காது. சுருக்கத்தை நீங்களே மாடலில் சேர்த்துவிட்டு ஃபவுண்டரியும் சேர்த்தால் இம்பெல்லர் பெரிசாகிவிடும். யார் சேர்ப்பது என்று முதலிலேயே பேசிடுங்க. கடையும் முகங்களுக்கு 3 மி.மீ. விடுங்க. ஒரே ஒரு பீஸ் என்றால் கோர் பாக்ஸ் (கோர் செய்யும் பெட்டி அச்சு) செய்வதைவிட மணல் பிரிண்ட் செய்த கோர் லாபம்.

'நினைக்கிறேன்' போதாது. உலோகக் கலவையைக் காட்டும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்-ரே) துப்பாக்கிக்குக் கார்பன் தெரியாது. சிஎஃப்8எம், கார்பன் குறைந்த சிஎஃப்3எம் இரண்டையும் அது பிரித்துக் காட்டாது. லேபில் ஸ்பார்க் ஸ்பெக்ட்ரோமீட்டர் டெஸ்ட் எடுங்க. வார்த்த பிறகு 1040°சி-க்கு மேல் சூடேற்றி உடனே தண்ணீரில் குளிரவைத்த சான்றும் கேளுங்க. அதை விட்டுவிட்டால் கார்பைடு தங்கி அங்கேதான் அரிப்பு தொடங்கும்.

பம்ப்ஹவுஸ்:
ரொம்ப நன்றி. பேலன்சிங் எவ்வளவுக்குச் சொல்லணும்?

லேத்கட்டை:
ஜி6.3 என்ற பேலன்ஸ் தரம். அதில் விடக்கூடிய சமநிலைப் பிழை, உங்க எடைக்கும் வேகத்துக்கும் சுமார் 330 கிராம்-மி.மீ., அதாவது 125 மி.மீ. ஆரத்தில் 2.6 கிராம். எடை குறைக்க ஓட்டை போட விடாதீங்க, ஷ்ரௌடின் வெளிமுகத்தில் அகலமாக, மெலிசாகச் சுரண்டச் சொல்லுங்க.