குடியாத்தம் பக்கத்துப் பழைய மெத்தை வீடு நில அதிர்வைத் தாங்குமா?

கேள்வி:
எங்கள் தாத்தா கட்டிய வீட்டில் சுவர் ஒன்றரை அடி தடிமன். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கித் தளம் போட்டிருக்கிறார்கள். 2021 நவம்பர் 29 விடியற்காலையில் வேலூருக்கு மேற்கே 3.6 அளவில் அதிர்வு உண்டானபோது, பரணில் இருந்த பித்தளைப் பாத்திரங்கள் கலகலத்தன. மேஸ்திரி இடித்துவிடச் சொல்கிறார். மரம் போட்ட வீடு அசைந்து கொடுக்கும் என்று பெரியவர்கள் சொல்வது சரியா?

பதில் 1:
ஐயா, காஷ்மீரில் சரி. அங்கே மரச்சட்டங்களால் சுவரையே சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, இடையில் கல்லோ செங்கல்லோ வைத்து மண்சாந்தால் நிரப்பும் முறைக்கு ‘தஜ்ஜி தேவாரி’ என்று பெயர். அதிரும்போது விரிசல் ஒரு கட்டத்தைத் தாண்டி ஓடாது. துண்டுகள் ஒன்றோடொன்று உரசுவதிலேயே அதிர்வின் விசை பெருமளவு கரைந்துவிடும். 2005 அக்டோபர் நிலநடுக்கத்தில் இவ்வகை வீடுகள் பல நின்றன. நம் வீடுகளிலோ மரம் சுவருக்குள் ஓடுவதில்லை, சுவரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாரமான தளம் ஒரு பக்கமும் சுவர் மறுபக்கமும் ஆடினால் கட்டை நழுவிவிடும்.

பதில் 2:
மரம் இருந்தாலே போதாது என்பதை 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் கில்லாரி ஊரில் நேர்ந்த நிலநடுக்கம் மிகுந்த துயரத்தோடு காட்டியது. மண்சாந்தில் கட்டிய தடித்த கல்சுவர்களில் உள்முகத்தையும் வெளிமுகத்தையும் சேர்த்துப் பிடிக்கும் நீளக்கல் இல்லாததால், அவை இரண்டாகப் பிளந்து சரிந்தன. உங்கள் வீடு இத்தனை காலம் நின்றது வெயிலையும் மழையையும் தாங்கியதற்கே சான்று. 2016ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணய வரைபடப்படி வேலூர் நடுத்தர ஆபத்துள்ள மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் இருப்பதால் இதை அலட்சியப்படுத்த வேண்டாம். ஆயினும் இடிக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. கட்டைகளின் முனைகளை இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைக்கலாம். தள மட்டத்தில் நான்கு சுவரையும் சுற்றிக் கட்டுப்பட்டை போடலாம். முதலில், சுவருக்குள் புதைந்த முனைகள் உளுத்திருக்கின்றனவா என்று பாருங்கள். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் இறக்கிவிடுங்கள்.

கேட்டவர்:
இன்று பார்த்தேன். ஒன்பது கட்டைகளில் ஏழு கணீரென்று ஒலிக்கின்றன. மழைநீர்க் குழாயை ஒட்டிய இரண்டின் முனையில் திருப்புளி அரை விரல் நீளம் எளிதாக இறங்குகிறது. அவ்விரண்டையும் மாற்றிய பிறகு பட்டை கட்டச் சொல்லப் போகிறேன். தொட்டியை நாளையே இறக்குகிறோம்.