உதவி: ஜெர்மன் பத்திரத்தில் வரும் "ஆக்கர்" நம்ம ஏக்கர்தானே?

தாள்பறவை:
அவசரம். பழைய நிலப் பத்திரம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். "12 ஆக்கர்" என்பதை 12 ஏக்கர் என்று போட்டேன், தவறென்று திரும்பி வந்துவிட்டது. வேறொரு வரியில் "எக்கர்" என்றும் வருகிறது. எது சரி?

நிலக்கணக்கு:
எந்த ஊர்? எந்த வருஷம்? 12-க்குப் பின்னால் வேறு எண் இருக்கிறதா? ஜெர்மனியில் மெட்ரிக் அளவு வந்த 1872-க்கு முன் ஊருக்கு ஊர் அளவு வேறு.

ஏர்முனை:
ஏர் ஓட்டும் நிலம்தான் ஏக்கர். ஜெர்மன் சொல்லும் அதே வேராகத்தான் இருக்கும்.

வேர்ச்சொல்:
அகராதியைத் திறந்துவிட்டு எழுதினால் எல்லோருக்கும் நல்லது. லத்தீன் அகெர், கிரேக்க அக்ரோஸ், சமஸ்கிருத அஜ்ர, 4-ஆம் நூற்றாண்டு கோதிக் (ஜெர்மனுக்கு உறவான பழைய மொழி) அக்ர்ஸ், எல்லாம் ஒரே குடும்பம். வேரின் பொருள் 'ஓட்டு'. மாடு ஓட்டிச் சென்ற வெளி பிறகு உழுநிலமானது என்பது வழக்கமான விளக்கம். ஏக்கர் நமக்கு ஆங்கிலம் வழி வந்த சொல்.

ஏர்முனை:
லத்தீனில் உழுவதற்கு அராரே என்கிறார்களே, அது ஏர் மாதிரி இல்லையா?

வேர்ச்சொல்:
அது தனி வேர். ஏரிலிருந்து வந்தால் அகெரில் 'க' எப்படி நுழைந்தது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

மஞ்சள்வயல்:
கேட்டவருக்குப் பதில் சொல்வோம். எக்கர் என்பது ஆக்கரின் பன்மை, 'உழுவயல்கள்'. அளவாக வரும்போது பன்மையிலும் ஆக்கர்தான், மாறாது. ஒலி ஒத்திருப்பதால் எக்கரை ஏக்கர் ஆக்கிவிடாதீர்கள். புல்வெளிக்கு வீஸ என்று தனிச் சொல் உண்டு. கோட்டஸ்ஆக்கர் என்று வந்தால் 'கடவுளின் வயல்', அதாவது கல்லறைத் தோட்டம்.

தாள்பறவை:
ட்ரெஸ்டன் பக்கம், 1859. "12 ஆக்கர் 210 சதுர ரூட்ட."

நிலக்கணக்கு:
இதை முதலிலேயே போட்டிருக்கலாம் நண்பா. ரூட்ட என்பது பழைய ஜெர்மன் நீள அளவு. ஹெஸ்ஸ-காஸெல் என்ற ஜெர்மன் பகுதியில் 150 சதுர ரூட்ட சேர்ந்தால் ஒரு ஆக்கர், அங்கே மிச்சம் 210 நிற்கவே முடியாது. ட்ரெஸ்டன் இருக்கும் சாக்சனியில் 300. அங்கே ஒரு சதுர ரூட்ட சுமார் 18.447 சதுர மீட்டர், ஒரு ஆக்கர் சுமார் 5,534. உங்கள் கணக்கு: 12 × 300 + 210 = 3,810 ரூட்ட, ஏறத்தாழ 70,283 சதுர மீட்டர். 7.03 ஹெக்டேர், 17.37 ஏக்கர். நீங்கள் போட்ட 12 ஏக்கர் 4.86 ஹெக்டேர்தான். மூலத்தில் உள்ளதை "12 ஆக்கர் 210 சதுர ரூட்ட" என்றே வைத்து, ஹெக்டேரை அடிக்குறிப்பில் கொடுங்கள்.

தாள்பறவை:
மாற்றிவிட்டேன், ஏற்றுக்கொண்டார்கள். நன்றி.

மஞ்சள்வயல்:
"எக்கர்" வரியை என்ன செய்தீர்கள்?