கேஜ் பிரஷர்: "நிகர அழுத்தம்" என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

அன்றாட வாழ்வில் வாயு விதிகள் எங்கெங்கே தலைகாட்டுகின்றன என்று பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பாயில், சார்லஸ், டால்ட்டன் மூவரும் பெரிய தகராறு இல்லாமல் தமிழில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். டயர் பக்கத்தில்தான் வண்டி நின்றுவிட்டது. டயர் மானி (கேஜ்) காட்டும் அழுத்தத்தை, அதாவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை, கேஜ் பிரஷர் என்கிறார்கள்; அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று போன வாரம் இங்கே கேட்டிருந்தேன். வந்த பதில்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்த ஒரே மடல். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> இதற்கு எதற்குத் தனிச்சொல்? "அழுத்தம்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் போதாதா?

போதாது. நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன், கணக்கு உதைத்தது. கார் டயரில் 32 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அலகு) காற்று, காலையில் வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ். வண்டி ஓடி ஓடி டயருக்குள் 57 டிகிரி ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டயரின் கொள்ளளவு அவ்வளவாக மாறாது. ஆகவே வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் அழுத்தம் ஏற வேண்டும். செல்சியஸ் எண்களை அப்படியே போட்டால் 32 என்பது 67ஐத் தாண்டிவிடும். அந்தத் தவற்றைப் பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள். கெல்வினுக்கு மாற்று, கெல்வினுக்கு மாற்று என்று தலையில் குட்டிக் குட்டிச் சொல்லித் தந்திருக்கிறோம். 300 கெல்வின் 330 கெல்வின் ஆகியிருக்கிறது, பத்தில் ஒரு பங்கு கூடுதல். ஆக, 32 போய் 35.2 ஆகும் என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன். தவறு. அப்போது மானி காட்டுவது 36.7 ஆக இருக்கும்.

எங்கே சறுக்கினேன்? மானியில் முள் 32இல் நிற்கும்போது டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் 32 இல்லை. வெளிக்காற்று தன் பங்குக்கு எப்போதும் 14.7 பிஎஸ்ஐ அழுத்திக்கொண்டே இருக்கிறது. அதைவிட உள்ளே எவ்வளவு கூட என்பதைத்தான் மானி சொல்கிறது. உள்ளே உண்மையில் இருப்பது 46.7. அதைத்தான் 1.1ஆல் பெருக்க வேண்டும், 51.4 வரும். வெளிக்காற்றைக் கழித்தால் 36.7. வாயு விதிகளுக்குச் செல்சியஸ் எப்படி ஒத்துவராதோ, மானியின் எண்ணும் அப்படியே ஒத்துவராது. 273ஐக் கூட்டச் சொல்லித் தருகிற நாம் 14.7ஐக் கூட்டச் சொல்லித் தருவது அபூர்வம். அதற்கு ஒரு நல்ல சொல் கையில் இல்லாததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இதைவிட முரட்டு உதாரணம் பஞ்சரான டயர். மானி சுழியம் காட்டும், "காற்றே இல்லை" என்போம். அந்தச் சுழியத்தை வாயு விதிச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: டயருக்குள் ஒரு மூலக்கூறுகூட இல்லை என்று விடை வரும்! துளைவிழுந்த டயருக்குள் நாம் மூச்சு விடுகிற அதே காற்று, அதே 14.7 பிஎஸ்ஐயில், சும்மா உட்கார்ந்திருக்கிறது.

> "கேஜ் அழுத்தம்" என்றே வைத்துவிடுங்கள். தொழிலில் இருப்பவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

தொழிலில் இருப்பவர்களுக்குக் கையேடு தேவையில்லை. அவர்களே பிஎஸ்ஐக்குப் பின்னால் "ஜி" போட்டால் கேஜ் பிரஷர், "ஏ" போட்டால் வெளிக்காற்றைக் கழிக்காத அப்சல்யூட் பிரஷர் என்று வால் ஒட்டித்தான் சமாளிக்கிறார்கள். பிள்ளைக்கு "கேஜ்" என்ற ஒலி எதையும் சொல்லாது.

> மானி அழுத்தம். நேரடியானது, சுருக்கமானது.

என் முதல் விருப்பமும் இதுதான். ஒரு நாள் முழுக்க அதையே எழுதிப் பார்த்தேன். ஆனால் பாரமானியும் ஒரு மானிதானே? அது காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்தை, வெற்றிடத்திலிருந்து எண்ணி. முதல் பாரமானியான டோரிசெல்லியின் பாதரசக் குழாயில் மேலே இருப்பது வெற்றிடம் (பாதரச ஆவி துளியூண்டு உண்டு, விடுங்கள்); அதனால் 760 மில்லிமீட்டர் என்பது எதையும் கழிக்காத எண். மாறாக, 1849இல் பூர்டான் என்ற பிரெஞ்சுக்காரர் காப்புரிமை பெற்ற வட்ட முகப்பு மானியைத் திறந்து பாருங்கள். உள்ளே அரைவட்டமாக வளைத்த, தட்டையான ஒரு உலோகக் குழாய் இருக்கும். வாயு அதற்குள் புகுந்தால் குழாய் நிமிரப் பார்க்கும், அந்த நிமிர்வுதான் முள்ளை நகர்த்துகிறது. அந்தக் குழாயைச் சுற்றி மானியின் கூட்டுக்குள் இருப்பதோ சாதாரணக் காற்று. உள்ளிருந்து ஒன்று தள்ள, வெளியிலிருந்து இன்னொன்று எதிர்த்துத் தள்ள, மிஞ்சியது முள்ளுக்குப் போகிறது. ஆக மானி என்பதில் விஷயம் இல்லை, மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. "மானி அழுத்தம்" அந்த மறுபக்கத்தை மறைத்துவிடுகிறது.

> மிகையழுத்தம். சோப்புக் குமிழிக்குள் இருக்கும் கூடுதல் அழுத்தத்தை இப்படித்தானே சொல்கிறோம்?

பொருள் துல்லியம், மறுக்கவில்லை. குமிழிக்குள் இருக்கும் மிகையழுத்தமும் உள்ளே கழித்தல் வெளியேதான். ஆனால் "உங்கள் டயரின் மிகையழுத்தம் 32" என்று ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். பதறிப்போய்க் காற்றை இறக்கிவிடுவார். "மிகை" என்றாலே வேண்டியதற்கு மேல், ஆபத்து என்று காது கேட்டுப் பழகிவிட்டது.

> மேலழுத்தம். மேல்வரும்படி, மேல்வரி என்பதுபோல.

இந்தப் பரிந்துரையைப் படித்ததும் எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது. "மேல்" என்பதற்கு "அதற்கும் கூடுதலாக" என்ற பொருள் பேச்சில் உயிரோடு இருக்கிறது. அதைப் பிடித்தது அழகு. தடையாக வந்தது ரத்த அழுத்தம். இருப்பதிலேயே அதிகம் பேர் தினமும் பார்க்கிற கேஜ் பிரஷர் அதுதான்: 120 மில்லிமீட்டர் பாதரசம் என்றால் வெளிக்காற்றின் 760க்கு மேல் 120. கழிக்காமல் சொன்னால் ஏறக்குறைய 880. (மருத்துவர் 880 என்று சொன்னால் அங்கேயே மயங்கி விழுவோம்.) ஆனால் அங்கே "மேல் பிரஷர் 120, கீழ் பிரஷர் 80" என்று ஏற்கெனவே சொல்லிப் பழகிவிட்டார்கள். மேலழுத்தம் அதனுடன் போய் முட்டிக்கொள்ளும், கீழ் அளவும் மேலழுத்தம்தான் என்று விளக்க வேண்டி வரும். வேண்டாத வம்பு.

சரி, என் பரிந்துரைக்கு வருகிறேன்: நிகர அழுத்தம்.

எந்தப் பொட்டலத்தைத் திருப்பினாலும் "நிகர எடை" என்று அச்சிட்டிருக்கும். டப்பாவின் எடையைக் கழித்துவிட்டு உள்ளே இருப்பது எவ்வளவு என்று பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். இங்கேயும் அதே கழித்தல்தான், வெளிக்காற்றைக் கழிக்கிறோம். அதைவிட முக்கியம், இது வெறும் கணக்கு வசதி இல்லை: சுவரை உண்மையில் இழுத்துப் பிடிப்பதும் உப்ப வைப்பதும் வெடிக்க வைப்பதும் இந்த நிகரம்தான்.

கையால் தொட்டுப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஊசி மாட்டாத 10 மில்லிலிட்டர் சிரிஞ்ச் ஒன்றை எடுத்து, தண்டை 2இல் நிறுத்தி, முனையை விரல் நுனியால் இறுக்க அடைத்துக்கொண்டு தண்டை இழுங்கள். 4க்கு இழுத்ததும் உள்ளே அழுத்தம் பாதி, 7.35. விரல் நுனித் தோல் முனைக்குள் லேசாகப் பிதுங்கும். இன்னும் இழுத்து 8க்குக் கொண்டுபோங்கள். கொள்ளளவு மறுபடி இரண்டு மடங்கு ஆனாலும் முதலில் கூடிய அளவு கஷ்டம் இப்போது கூடாது. பாயில் 1662இல் வெளியிட்ட விதி அப்படியே கைக்கு வருகிறது: முதல் இழுப்பில் 7.35 குறைந்தது, அடுத்ததில் அதில் பாதிதான். தண்டை விட்டால் சரக்கென்று பழைய இடத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். உள்ளே இருக்கும் காற்று இழுத்தது என்று தோன்றும். காற்றுக்கு இழுக்கத் தெரியாது, தள்ள மட்டுமே தெரியும். தள்ளியது வெளிக்காற்று. நிகர அழுத்தம் இங்கே குறை எண்: 4இல் −7.35, 8இல் −11. எவ்வளவு நீளமான சிரிஞ்ச் கொண்டுவந்தாலும் −14.7க்குக் கீழே போகாது. கணக்கில் நிகர இழப்பு என்கிறோமே, அதுபோல நிகரம் சுழியத்துக்குக் கீழே போவது தமிழ்க் காதுக்குப் புதிதில்லை. "மிகை", "மேல்" இரண்டும் இந்த இடத்தில் நொண்டும் என்பதையும் கவனியுங்கள்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. காற்றடைத்து மூடிய பொட்டலத்தை விமானத்தில் கொண்டுபோனால் தலையணைபோல உப்பிவிடும். அதற்குள் யாரும் காற்று அடிக்கவில்லை, சூடும் ஆக்கவில்லை. விமான அறைக்குள் காற்று, சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதுபோல, 75 கிலோபாஸ்கல் வரை குறைந்துவிடுகிறது. தரையில் அது 101 (நம் 14.7 பிஎஸ்ஐயேதான்). வாயு பேசாமல் இருக்க, வெளியே குறைந்ததால் நிகரம் ஏறிவிட்டது. திரும்பி வரும்போது எதிர்க்கதை: மேலே குடித்து முடித்து மூடிவைத்த பிளாஸ்டிக் புட்டி தரையிறங்கும்போது சுருங்கி நசுங்கும், உள்ளிருக்கும் காற்றின் கொள்ளளவு முக்கால் பங்குக்கு வந்துவிடும். உப்புவதையும் நசுங்குவதையும் ஒரே சொல்லில் சொல்ல வேண்டுமென்றால் எனக்கு "நிகர"த்தைவிட நல்லது கிடைக்கவில்லை.

பிரஷர் குக்கரின் மேல் உட்கார்ந்திருக்கும் குண்டும் நிகரத்தைத்தான் பார்த்துக்கொள்கிறது, சுமார் 15 பிஎஸ்ஐ. வெளிக்காற்றையும் சேர்த்தால் முப்பதுக்குப் பக்கம், தண்ணீர் கொதிப்பது 121 டிகிரியில். அந்த 15ஐ மொத்தக் கணக்காக எடுத்துக்கொண்டால் தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதிக்கும், குக்கருக்கும் திறந்த பாத்திரத்துக்கும் வித்தியாசமே இருக்காது. இது ஆவி அழுத்தக் கதை, வாயு விதியில் சேராது. ஆனாலும் பெட்டிச் செய்தியாகப் போடப் போகிறேன்.

> நிகரம் என்றால் கணக்குப்பிள்ளை வாடை அடிக்கிறதே!

அடிக்கட்டும். இயற்பியலில் "நிகர விசை" என்று எழுதும்போது யாரும் மூக்கைப் பொத்திக்கொள்வதில்லை.

> அப்படியானால் அப்சல்யூட் பிரஷர்? கெல்வினில் எண்ணுவதைத் தனி வெப்பநிலை என்கிறோமே, தனி அழுத்தம்தானே முறை?

முறைதான், ஒழுங்காகவும் இருக்கிறது. ஆனால் அழுத்தத்தோடு சேரும்போது "தனி" வேறு பக்கம் இழுக்கிறது. காற்று ஒரு கலவை. அதில் ஆக்சிஜன் தனியாகத் தருவது எவ்வளவு, நைட்ரஜன் தனியாகத் தருவது எவ்வளவு என்பதுதான் டால்ட்டனின் பகுதி அழுத்தம். அந்தப் பாடத்துக்கு அடுத்த பக்கத்தில் "தனி அழுத்தம்" என்று வந்தால் பிள்ளை எதை நினைக்கும்? நான் பிள்ளையாக இருந்தால் ஆக்சிஜனைத்தான் நினைப்பேன். வெப்பநிலைக்கு இந்தச் சங்கடம் இல்லை, அது "தனி"யாகவே இருக்கட்டும். அழுத்தத்துக்கு முழு அழுத்தம் என்று வைக்கலாம். "மொத்த அழுத்தம்" என்றும் ஒருவர் சொல்லியிருந்தார். நிகரத்துக்குச் சரியான ஜோடி அதுதான். பகுதி அழுத்தங்களைக் கூட்டினால் வருவதும் இதுவேதான் என்பதால் டால்ட்டனுடன் சண்டையும் இல்லை. ஆனால் ஓடும் பாய்மங்களைப் படிப்பவர்கள் நிலை அழுத்தத்தோடு இயக்க அழுத்தத்தைக் கூட்டி "மொத்தம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்லைப் பிடுங்க வேண்டாம்.

முழுவும் நிகரமும் குழம்பினால் என்ன ஆகும் என்பதற்கு முக்குளிப்பவர்கள் நல்ல சாட்சி. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் சுமார் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 20 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு ஏறினால் நிகரம் 2 போய் 1 ஆகும். முழு அழுத்தமோ 3 போய் 2. நுரையீரல் காற்று விரிவது ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு இல்லை. ஆனால் கடைசிப் 10 மீட்டரில் முழு அழுத்தம் 2இலிருந்து 1 ஆகிறது, அங்கேதான் இரண்டு மடங்கு. மேற்பரப்புக்குப் பக்கத்தில் வந்தாயிற்று என்று மூச்சைப் பிடித்துக்கொள்வது அதனால்தான் உயிருக்கே ஆபத்து.

அமுக்கம் என்று எழுதும் இலங்கை நண்பர்களுக்கு: நிகர அமுக்கம், முழு அமுக்கம் என்று இரண்டும் அப்படியே பொருந்துகின்றன. காதுக்கு எப்படி இருக்கிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கையேட்டின் சொல்லடைவில் இப்போதைக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன். வெட்டலாம், ஒட்டலாம்:

நிகர அழுத்தம்: கலத்துக்கு உள்ளே இருக்கும் அழுத்தத்திலிருந்து வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்தால் வருவது. டயர் மானியும் ரத்த அழுத்தமானியும் காட்டுவது இதை. வெளிக்காற்றைவிட உள்ளே குறைவாக இருந்தால் குறை எண்ணாக வரும். வாயு விதிகளில் போடுவதற்கு முன் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கூட்டி முழு அழுத்தம் ஆக்கிக்கொள்க.