கிருஷ்ணகிரி டவுனை ஒட்டி 5 சென்ட் வீடு: மாடு, ஆடு, கோழி, நாய் வளர்க்க என்ன அனுமதி, எவ்வளவு இடம்?

மாங்கனி_ஊர்க்காரர் கேட்டது:

வணக்கம். 5 சென்ட் மனை, அதில் 900 சதுர அடி வீடு. பின்பக்கம் 25-க்கு 30 அடி காலி இடம். அங்கே 2 கறவை மாடு, 4 வெள்ளாடு, 10 நாட்டுக்கோழி, காவலுக்கு ஒரு நாய் வளர்க்க எண்ணம். பக்கத்து வீட்டுச் சுவர் 6 அடி தள்ளி இருக்கு. இதுக்கெல்லாம் நகராட்சியில் அனுமதி வாங்கணுமா? பக்கத்து வீட்டார் மனு போட்டால் என்ன ஆகும்? சென்னையில் நாய்க்கு மைக்ரோசிப் (தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சில்லு) கட்டாயம் என்கிறார்களே, அது இங்கேயும் உண்டா? பையன் பச்சைக்கிளி வேணும்னு கேட்கிறான், வாங்கலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

அரூர்ப்பக்கம்:

முதலில் உங்கள் சொத்துவரி ரசீதை எடுத்துப் பாருங்க. "டவுனை ஒட்டி" என்றால் நகராட்சியாகவும் இருக்கலாம், ஊராட்சியாகவும் இருக்கலாம். ஒரே தெருவில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இருப்பதும் உண்டு. எந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்பதை அந்த ரசீதுதான் சொல்லும்.

நகராட்சி என்றால், நகர்ப்புறங்களில் கால்நடை, பறவை வளர்ப்பதை ஒழுங்குபடுத்த 1997-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. அனுமதி வாங்கி வளர்க்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. கட்டணம், தெருவில் பிடிபட்ட மாட்டுக்கு அபராதம் எல்லாம் ஊருக்கு ஊர் வேறுபடும். ஓசூர் மாநகராட்சியில் ஒரு தொகை கேட்டார்கள் என்பதால் கிருஷ்ணகிரியிலும் அதேதான் என்று எண்ண வேண்டாம். சென்னை மைக்ரோசிப் விஷயமும் இப்படித்தான். அது அந்த மாநகராட்சியின் ஏற்பாடு, உங்கள் ஊர் விதி அல்ல.

செய்ய வேண்டியது இதுதான். ஆணையாளர் பெயருக்கு ஒரு பக்க மனு எழுதுங்க. எத்தனை உயிர், எந்த இடம், சாணமும் கழிவுநீரும் எங்கே போகும் என்ற மூன்றும் அதில் இருக்கணும். கையால் வரைந்த மனைப்படம் ஒன்றை இணைத்து, தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கோங்க. கட்டணமும் அபராதமும் எவ்வளவு என்று வாயால் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். தகவல் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "கால்நடை வளர்ப்பு, தெருவில் பிடிபடும் கால்நடை தொடர்பாக நகர்மன்றம் நிறைவேற்றிய தீர்மானங்களின் நகல்" என்று கேளுங்க. 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஊராட்சி எல்லை என்றால் வீட்டளவில் ஒன்றிரண்டு மாடு கட்டுவதை யாரும் தடுப்பதில்லை. ஆனால் மாடு அடுத்தவர் பயிரில் இறங்கினால் 1871-ஆம் ஆண்டு கால்நடை அத்துமீறல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கு. நிலத்துக்காரர் மாட்டைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பட்டியில், அதாவது பிடிபட்ட கால்நடையை அடைக்கும் இடத்தில், சேர்க்கலாம். அபராதமும் தீனிச் செலவும் கட்டித்தான் மீட்க முடியும்.

பக்கத்து வீட்டார் புகார் மனு போட்டால் முதலில் சுகாதார ஆய்வாளர் வந்து பார்ப்பார். 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில், பிறருக்குத் தொல்லையாக விலங்கு வைத்திருப்பதே நடவடிக்கைக்குப் போதுமான காரணம். அதற்கு மேல் போனால் கோட்டாட்சியர், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 152-ன் கீழ், தொல்லையை நீக்கு, இல்லையேல் வந்து காரணம் சொல் என்று நிபந்தனை உத்தரவு போடலாம். அந்த உத்தரவு வந்ததும் மாட்டை விற்க ஓட வேண்டாம். நேரில் போய் விளக்கம் சொல்ல உங்களுக்கு வாய்ப்பு உண்டு. அந்த நேரத்தில் முத்திரை வாங்கிய மனுவும், சாணக்குழியின் போட்டோவும்தான் கைகொடுக்கும்.

---

மாட்டுக்கொட்டாய்:

மேலே சொன்னது காகிதம். பக்கத்து வீட்டாரின் புகார் மனு வருவதும் வராததும் கொட்டாயைப் பொறுத்தது. அதை விரிவாகவே சொல்றேன்.

மாடு ஒன்றுக்குக் கூரைக்குக் கீழ் 3.5 சதுர மீட்டர், அதாவது 38 சதுர அடி வேணும். திறந்த வெளி 75 சதுர அடி. இரண்டு மாட்டுக்கு உங்கள் இடம் தாராளம். தீவனத்தில்தான் கணக்கு உதைக்கும். கலப்பினக் கறவை மாடு நாளுக்கு 25 முதல் 30 கிலோ பசுந்தீவனம் தின்னும். கோ 4 என்ற தீவனப்புல் ரகம் போட்டால் மாடு ஒன்றுக்கு 10 சென்ட் நிலம் வேணும். உங்களிடம் புல்லுக்கு ஒரு சென்ட்கூட மிச்சமில்லை. டவுனுக்குள் மாடு தெருவில் திரிவது பெரும்பாலும் இதனால்தான். தீனி போதாமல் காலையில் கறந்துவிட்டு அவிழ்த்து விடுகிறார்கள், அது மார்க்கெட் குப்பையில் பிளாஸ்டிக் கவரோடு சேர்த்து மேய்கிறது. புல் வெளியிலிருந்து தினமும் வந்து சேரும் என்று உறுதியானால் மட்டும் மாடு வாங்குங்க. அப்போதும் ஒன்றோடு நிறுத்துங்க.

அடுத்தது சாணம். 400 கிலோ எடையுள்ள மாடு நாளுக்கு 15 முதல் 20 கிலோ சாணம் போடும், 15 முதல் 20 லிட்டர் மூத்திரம் விடும். வெயில் காலத்தில் ஈ முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக 7 முதல் 10 நாள் போதும். ஈரச் சாணத்தை மூடாமல் குவித்து வைத்தால் இரண்டாவது வாரமே பக்கத்து வீட்டுச் சமையலறைக்கு ஈ போய்விடும். மனு எழுத வைப்பது பெரும்பாலும் அந்த ஈதான்.

3-க்கு 3 அடி, 2 அடி ஆழத்தில் இரண்டு குழி எடுங்க. மேலே தூவும் மண்ணோடு சேர்த்து, ஒரு மாட்டுச் சாணத்துக்கு ஒரு குழி ஏறக்குறைய இரண்டு வாரம் தாங்கும். தினமும் சாணம் போட்டதும் மேலே ஓர் அங்குலம் காய்ந்த மண்ணோ சருகோ தூவி, தார்ப்பாய் போட்டு மூடணும். ஒன்று நிறைந்ததும் மற்றது. நிறைந்த குழியை மாந்தோப்புக்காரர்கள் வந்து அள்ளிக்கொள்வார்கள், நம்ம மாவட்டத்தில் அதற்குக் குறைவில்லை. சாண எரிவாயு நினைப்பிருந்தால், 1 கன மீட்டர் கலனுக்கே தினம் 25 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேணும். ஒரு மாட்டை நம்பிக் கட்டினால் அடுப்பு பாதியில் அணையும்.

தரை: காங்கிரீட், 10 அடிக்கு 3 அங்குலம் வாட்டம். மேற்பரப்பை வழவழப்பாக இழுக்க வேண்டாம், மாடு வழுக்கி விழுந்தால் இடுப்பு போய்விடும். ஈரமாக இருக்கும்போதே கம்பியால் குறுக்குக் கோடு போட்டு வைங்க. வாட்டம் முடியும் இடத்தில் 3 அங்குல பிவிசி பைப், அதற்கு முன்னால் 1 அடிக்கு 1 அடி அறையில் ஒரு வலை. வலை இல்லையென்றால் வைக்கோல் துண்டும் சாணமும் சேர்ந்து ஒரே வாரத்தில் பைப் அடைத்துக்கொள்ளும். இந்தப் பைப்பைத் தெருச் சாக்கடையில் மட்டும் விடாதீங்க. சாணத் தண்ணீர் சாக்கடையில் படிந்து இறுகும், அடுத்த மழையில் தெருவே தேங்கும்.

ஆடு: பெட்டை ஒன்றுக்கு 1 சதுர மீட்டர் கூரை, அதற்கு இருமடங்கு திறந்த வெளி. தரையிலிருந்து 3 அடி உயரத்தில் பரண், சட்டங்களுக்கு இடையில் அரை அங்குலம். அதைவிட அகலம் கூடினால் குட்டியின் கால் சிக்கும், குறைந்தால் புழுக்கை விழாது. கிடா வேண்டவே வேண்டாம். பக்கத்து வீடு வரைக்கும் போகும் வாடை கிடாவிடமிருந்து வருவது. பெட்டை 18 முதல் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், அந்த ஒன்றரை நாளில் வெளியே கொண்டுபோய்ச் சேர்த்து வரலாம்.

கோழி: சேவல் இல்லாமலே முட்டை வரும். அடை வைக்க மட்டும்தான் சேவல். 10 பெட்டைக்கு இரவு அடைய 15 சதுர அடி போதும். தரையில் 2 அங்குலம் உமி. கண் எரியும் நெடி வந்தால் உமி நனைந்திருக்கு என்று அர்த்தம். அந்த நேரத்தில் சுண்ணாம்பு தூவாதீங்க, அமோனியா இன்னும் கூடுதலாகக் கிளம்பும். நனைந்ததை அள்ளி எறிந்துவிட்டு, தண்ணீர்க் கிண்ணத்தைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வைங்க.

---

ஓசூர்_ரோடு:

நாய், கிளி இரண்டுக்கும் சொல்லிடறேன்.

நாய்க்கு 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, ஒரு மாதம் கழித்து பூஸ்டர், பிறகு ஆண்டுதோறும். தேதியும் டாக்டர் கையெழுத்தும் உள்ள அட்டையைப் பத்திரப்படுத்துங்க. நாய் யாரையாவது கடித்தால் போலீஸ் முதலில் கேட்பது அதைத்தான். விலங்கைக் கவனக்குறைவாக விட்டால் பாரதிய நியாய சன்ஹிதா (புதிய குற்றவியல் தண்டனைச் சட்டம்) பிரிவு 291-ன்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்காகப் பகல் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பதும் தப்பு, 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் அது குற்றம். காம்பவுண்டு கேட்டுக்குக் கீழே நாய் நுழையும் சந்து இருக்கான்னு முதலில் பாருங்க. 8 வாரம் ஆகாத குட்டியை யார் கொடுத்தாலும் விலைக்கு வாங்காதீங்க, விற்பதே விதிமீறல்.

பச்சைக்கிளி கூடவே கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2-ஆம் பட்டியலில் இருக்கு. 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சந்தையில் வாங்கினேன் என்று சொன்னாலும் வைத்திருந்தவர் பேரில்தான் வழக்கு. கௌதாரியும் நட்சத்திர ஆமையும்கூட வளர்க்கக் கூடாது. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் பறக்க விடாதீங்க, கூண்டில் வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைங்க. பையனுக்கு லவ் பேர்ட்ஸ் (பட்ஜி) ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்க, அதற்குத் தடையில்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டு இனம் என்றால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேணும்.

---

மாங்கனி_ஊர்க்காரர்:

ரொம்ப நன்றிங்க. ரசீதைப் பார்த்தேன், நகராட்சிதான். மாடு ஒன்று, ஆடு மூன்று பெட்டை என்று குறைச்சுக்கறேன். கொட்டாய்க்கார அண்ணா, சாக்கடையில் விடக் கூடாதுன்னா அந்தத் தண்ணியை எங்கே விடறது?

---

மாட்டுக்கொட்டாய்:

மூத்திரம் 20, கழுவுற தண்ணி 40, ஆக நாளுக்கு 60 லிட்டர். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றைப் பைப் வாய்க்குக் கீழே புதைச்சா மூணு நாள் தாங்கும். மொண்டு, ஒன்றுக்குப் பத்து தண்ணி கலந்து தென்னைக்கோ வாழைக்கோ ஊத்துங்க. கலக்காமல் ஊத்தினால் வேர் வெந்துபோகும். வாய்க்குக் கொசுவலை கட்டி மூடி போடுங்க. புதைக்கும்போது டிரம்மில் முக்கால் அளவு தண்ணி நிரப்பிட்டு மண் தள்ளணும். வெறுமனே புதைச்சா முதல் பெருமழைக்கே மண்ணோடு மேலே கிளம்பிடும், பைப்பும் சேர்ந்து உடையும்.