வீடற்றோர் தங்குமிடத்துக்கு அரசு நிதியைக் கூட்டலாமா?

செந்தூல்வாசி:
கோலாலம்பூரில் வீடற்றோருக்கான அவசரத் தங்குமிடங்களுக்கு அரசு தரும் நிதி கூட்டப்பட வேண்டும். 2020 மார்ச்சில் கோவிட் தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, தெருவில் படுத்திருந்தவர்களை மாநகர் மன்றம் மண்டபங்களில் தங்கவைத்து உணவும் அளித்தது. தொற்றுக்கு அஞ்சிச் செய்ய முடிந்ததை, மழையில் நனையும் முதியவருக்காக ஏன் செய்ய முடியாது?

புடு வணிகர்:
என் கடையின் முன்னுள்ள நடைபாதையான அஞ்சடியிலும் சிலர் படுக்கிறார்கள், நான் விரட்டியதில்லை. ஆனால் 2011இல் வீடற்றோருக்கான அஞ்சோங் சிங்கா தங்குமிடம் தொடங்கப்பட்டது, பிறகு ஜாலான் பஹாங்கில் மாநகர் மன்றத்தின் இடைக்காலத் தங்குமிடமும் வந்தது. அஞ்சடி இன்னும் காலியாகவில்லை. இவர்களில் பலர் உணவகத்தில் தட்டுக் கழுவுகிறார்கள், பாதுகாவலராக நிற்கிறார்கள். ஓர் அறை எடுக்க முதல் மாத வாடகையோடு இரண்டு மாத முன்பணமும் கேட்கும் ஊரில், கையில் மிஞ்சும் சம்பளத்தில் அதைச் சேர்க்க அவர்களால் முடிவதில்லை. கட்டில் வாங்கும் பணத்தை அந்த முன்பணத்துக்குக் கொடுங்கள்.

மேடான் துவாங்கு தொண்டர்:
தங்குமிடத்தில் கட்டில் இருந்தும் பலர் போகாததற்குக் காரணம் பயம். 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டப்படி, பிடித்துக்கொண்டு போகப்படுபவரை மாஜிஸ்திரேட் முதலில் ஒரு மாதம் வரை நல இல்லத்தில் வைக்கவும், அறிக்கை வந்தபின் மூன்றாண்டு வரை அங்கேயே இருக்கச் சொல்லவும் முடியும். உணவு வாங்க வரும் பெரியவர் ஒருவர் அடையாள அட்டையை நெகிழிப் பையில் சுற்றி இடுப்புக் கயிற்றில் கட்டியிருப்பார். தொலைத்தால் அபராதம் அல்லவா? அதிகாரிகளின் வேனைக் கண்டால் சோற்றை அப்படியே விட்டுவிட்டு நடந்துவிடுவார்.

செந்தூல்வாசி:
முன்பணம் தருவது நல்ல யோசனைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அறை தேடி, வீட்டுக்காரர் சம்மதித்து, சாவி கைக்கு வரும்வரை அவர் எங்கே படுப்பார்? மேலும், நகர மையத்திலிருந்து இவர்களை அகற்றினால் போதும் என்ற எண்ணம் புதிதல்ல. 2014இல் அன்றைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர், இலவச உணவு வழங்குவோரை இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போகச் சொன்னார், மக்கள் எதிர்த்தார்கள்.

புடு வணிகர்:
அகற்றச் சொல்லவில்லை, ஐயா. விரும்பி வந்து, விரும்பியபோது வெளியே போகக்கூடிய இடமாக இருந்தால் அதற்கு நிதி தருவதை ஏற்கிறேன். பிடித்துவரும் வேனுக்கு ஒரு காசும் தரக்கூடாது. எத்தனை பேர் அங்கிருந்து வாடகை அறைக்குப் போனார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அதுவரை கூடுதல் நிதிக்கு என் ஆதரவு கிடையாது.