நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறங்கும்போது சுவாசக் குழாயின் கஃப் (குழாயின் நுனியருகே சுற்றியிருக்கும் காற்றுப் பை) அழுத்தம் குறைகிறதா?

ஹட்டன் தாதி:
மூச்சுக்குழாய்க்குள் சுவாசக் குழாய் போட்ட நோயாளியை அம்பியூலன்ஸில் ஏற்றும் முன் கஃப் அழுத்தம் 25 சென்டிமீட்டர் நீர் என்று மானோமீட்டரில் (அழுத்தமானியில்) பார்த்துத்தான் அனுப்புகிறோம், ஆனால் ரம்பொடை இறக்கம் தாண்டியதும் சிலருக்குத் தொண்டையில் காற்றுக் கசியும் சத்தம் கேட்கிறது. கஃப் ஓட்டையா?

கண்டி ஐசியூ:
ஓட்டையாக இருக்க வேண்டியதில்லை தங்கச்சி. நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரம், கண்டி 500. கீழே வர வர வெளிக்காற்றின் அழுத்தம் கூடும், கஃபுக்குள் இருக்கும் காற்று சுருங்கும். 20க்குக் கீழே போனால் கஃபுக்கு மேலே தேங்கிய எச்சில் நுரையீரலுக்குள் இறங்கும், நியூமோனியா வரலாம். அதற்காக முன்கூட்டியே கூடுதலாக அடித்துவிடாதீர்கள், 30க்கு மேல் போனால் மூச்சுக்குழாயின் உட்சுவருக்கு இரத்தம் போவது குறைந்து புண்ணாகும், அப்புறம் அந்த இடமே சுருங்கிப்போகவும் கூடும்.

பண்டாரவளை:
பைலட் பலூனை (கஃபோடு இணைந்து வெளியே இருக்கும் சிறு பலூனை) விரலால் அமுக்கி 'சரி' என்று சொல்வதை நம்பவே வேண்டாம். மானோமீட்டர் வண்டியிலேயே இருக்கட்டும், வழியிலும் பாருங்கள், சேர்ந்ததும் பாருங்கள். சாதாரண பிவிசி கஃப் அழுத்தம் சரியாக இருந்தாலும் மடிப்பு விழும், அதன் வழியே நீர் கசியும். மெல்லிய பொலியூரித்தேன் கஃபில் அது குறைவு. கஃபுக்கு மேலே உறிஞ்சும் துளை உள்ள குழாய் என்றால் புறப்படும் முன் உறிஞ்சிவிடுங்கள்.

ஹட்டன் தாதி:
நன்றி அண்ணா. அப்போ பதுளையிலிருந்து மேலே கொண்டு வந்தால் கூடுமா?

கண்டி ஐசியூ:
கூடும். அப்போது கொஞ்சம் காற்றை எடுத்து 20-30க்குள் வையுங்கள்.