சங்கத்துத் தெருவில் ஓட்டு எப்போது மாறியது? உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

கீழ்வேளூர் பக்கத்திலிருந்து:

எங்கள் தாத்தா பண்ணையாள், மிராசுதார் நிலத்துக்குக் கட்டுப்பட்ட கூலி. சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் சவுக்கடியும் அவர் கண்ணால் பார்த்த தண்டனைகள். கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாசராவ் தெருத்தெருவாக வந்து செங்கொடிச் சங்கம் கட்டியதையும், 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததையும் எங்களுக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்தார். வெண்மணி எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் தூரம். 1968 டிசம்பர் 25 அன்று அங்கே கூலிக்காரக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை நிலக்கிழார்களின் ஆட்கள் எரித்தார்கள். அவர்கள் கூடுதலாகக் கேட்ட கூலி அரைப்படி நெல். வருடா வருடம் அந்தத் தேதியில் அப்பா என்னைக் கூட்டிப்போவார். இன்னமும் போகிறார்.

அதே அப்பா 2016 சட்டமன்றத் தேர்தல் அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே, "மாத்திப் போட்டுட்டேன் தம்பி" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த முறை இடதுசாரிகள் இரண்டு பெரிய கட்சிகளையும் விட்டுத் தனி அணியாக நின்றார்கள். தமிழ்நாடு முழுக்க ஒரு இடம்கூட வரவில்லை. டெல்டாவில் நம் ஓட்டு எவ்வளவு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கூட்டணியில் நாகப்பட்டினம் எம்.பி. தொகுதியை ஜெயிப்பதை வைத்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

ஏன் என்று அப்பாவைக் கேட்டேன். கோபமெல்லாம் இல்லை அவருக்கு. "முன்னெல்லாம் கூலித் தகராறுன்னா சங்கம் வரப்புல வந்து நிக்கும். இப்ப அறுவடைக் கூலியே மிஷின்காரனுக்குத்தான் போவுது. நான் யாருகிட்ட சண்டை போட?"

இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். முப்பது பேர் வரிசையாக நின்று அறுத்த வயல், கதிர்க்கட்டைத் தலையில் சுமந்து களத்தில் அடித்துக் கூலி நெல்லை மரக்காலில் அளந்து வாங்கிய இடம், அதுதான் சங்கம். கூட்டம் போட்டு ஆள் சேர்க்க வேண்டியதில்லை, வேலையே சேர்த்துவிடும். மிஷின் ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கரை முடித்துவிட்டுப் போகிறது. தண்ணீர் வராத வருடங்களில் குறுவையே கிடையாது. பாதித் தெரு திருப்பூருக்கும் சென்னைக்கும் கட்டட வேலைக்கும் போய்விட்டது. தோழர்கள் இன்னமும் காவிரிக்கும் நெல் கொள்முதலுக்கும் மறியல் செய்கிறார்கள், அதை நான் மதிக்கிறேன். ஆனால் நிலமில்லாத என் அப்பாவுக்கு நெல் விலையில் என்ன இருக்கிறது? சங்கம் மெல்ல மெல்ல விவசாயியின் குரலில் பேச ஆரம்பித்தது, கூலிக்காரனின் குரல் அடங்கிப்போனது. இது என் கருத்து. தப்பென்றால் சொல்லுங்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து:

எங்கள் அம்மா நடவாள். இப்போது அவருக்கு இருக்கும் கவலை வாரத் தவணை. குழுக்கடன் வசூலுக்கு ஆள் வந்தால் யாராவது ஒருத்தி கட்டவில்லை என்றாலும் அத்தனை பெண்களையும் உட்கார வைத்துவிடுவார்கள். ஒருமுறை மதியம் மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கிளைத் தோழருக்குப் போன் செய்யச் சொன்னார். அவர் மாநாட்டில் இருந்தார். வேறொரு கட்சிக்காரர் வந்து இரண்டாயிரம் ரூபாயைக் கையிலிருந்து கொடுத்து அனுப்பி வைத்தார். அம்மா அதை மறக்கவே இல்லை. அந்தக் கட்சியின் கொள்கை என்னவென்று அம்மாவுக்குத் தெரியாது. நூறு நாள் வேலைக்கு எங்கள் ஊரில் சங்கம்தான் மனு எழுதிக் கொடுத்தது, அதுவும் அம்மாவுக்கு நினைவிருக்கிறது. இருந்தும் தேர்தலில் அந்த மூன்று மணிதான் ஜெயித்தது.

மன்னார்குடி பக்கம், முன்னாள் கிளைச் செயலாளர்:

மேலே எழுதிய இரண்டு பேருக்கும் வணக்கம். படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. நானும் சொல்லிவிடுகிறேன்.

எந்த மிராசுதார் வயலில் எங்கள் அப்பா கொடி நட்டாரோ, அவருடைய பேரன் கூட்டணிக் கட்சியில் பொறுப்பில் இருந்தார். ஒரு தேர்தலில் அவருடைய ஜீப்புக்கு முன்னால் நான் கோஷம் போட்டுக்கொண்டு எங்கள் தெருவுக்குள்ளேயே நடந்தேன். திண்ணையில் இருந்த ஒரு கிழவி, "ஏன்டா, இவங்களுக்காடா?" என்று கேட்டாள். அகில இந்திய நிலைமை, மதவாத எதிர்ப்பு என்று நான் விளக்கினேன். அதில் எதுவும் பொய்யில்லை. ஆனாலும் கிழவி கேட்டது வேறு.

இன்னொன்றும் இருக்கிறது. கோயில் திருவிழாவில் எங்கள் பையன்களுக்கும் ஊர்த்தெருவுக்கும் தகராறு வந்தபோது, இரண்டு பக்கமும் சங்க உறுப்பினர்கள் இருந்தார்கள். ஒற்றுமை கெடக்கூடாதென்று நாங்கள் சமாதானம் பேசினோம். அடி வாங்கியவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், அடித்தவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அந்தப் பையன்களின் பக்கத்தில் போய் நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அடுத்த மாதம் தெருமுனையில் தலித் இயக்கத்தின் நீலக்கொடி ஏறியது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நான் இன்னமும் சந்தா கட்டுகிறேன். போன கிளைக் கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தோம். எனக்கு வயது 61. வந்தவர்களில் நான்தான் இளையவன்.